விறகில் ஓடிய மகிழுந்துகள்



மின்மகிழுந்தில் நெடுந்தொலைவு செல்ல இயலுமா, பின்னால் பாரவண்டியை இழுக்க இயலுமா என்று மாணவர்கள் கேட்கின்றனர். இவை புதிய ஐயங்கள் அல்ல. பெட்ரோல் இல்லாமல் ஊர்திகளை ஓட்டும் வழியை ஒரு நாடே தேட நேர்ந்த வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்தது. ஆயினும் 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கின் மீதும் நார்வேயின் மீதும் படையெடுத்ததால், சுவீடனின் மேற்குக் கடல்வழி அடைபட்டது; எண்ணெய் வரத்து அருகியது. அந்நாட்டிடம் எண்ணெய் இல்லை, காடுகள் இருந்தன. ஜார்ஜ் இம்பேர் என்னும் பொறியாளர் 1920களில் உருவாக்கிய விறகுவாயுக் கலன் அப்போது கைகொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஊர்திகள் விறகிலும் அடுப்புக்கரியிலும் ஓடலாயின.

கலனுக்குள் விறகு குறைந்த காற்றில் எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு பிறக்கும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, காற்றுடன் கலந்து இயந்திரத்திற்குள் செலுத்துவர். பல மகிழுந்துகள் இக்கலனை இருசக்கர வண்டியில் ஏற்றிப் பின்னால் இழுத்துச் சென்றன. தன் எரிபொருள் ஆலையைத் தானே இழுத்துச் செல்லும் ஊர்தி!

நெடும்பயணத்தில்தான் இதன் குறைகள் வெளிப்பட்டன. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏறத்தாழ 3 கிலோ விறகு வேண்டும். 10 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு 30 கிலோ விறகைச் சுமக்க வேண்டும். பெட்ரோலுக்கென அமைந்த இயந்திரம் தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழந்தது. பாரம் ஏற்றிய சரக்குந்துகள் மேட்டில் திணறின. புறப்படுமுன் நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். சாம்பலையும் தாரையும் அடிக்கடி அகற்ற வேண்டும்.

இவற்றைவிடக் கொடியது நச்சுவாயு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைகளில் அதனைச் சுவாசித்துப் பலர் நோயுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. மாற்று எரிபொருளின் விலையை ஓட்டுநர்களும் பழுது பார்ப்போரும் தம் உடலால் செலுத்தினர்.

நம் மண்ணும் இதற்கு விலக்கன்று. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கரியால் இயங்கும் பேருந்துகள் ஓடின. உங்கள் குடும்பத்து முதியோர் சொன்ன போர்க்காலக் கதைகளில் இது இடம்பெற்றிருக்கலாம். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் விறகுக் கலன்கள் விரைவில் மறைந்தன. ஆனால் சுவீடன் அந்த அறிவைக் கைவிடவில்லை. மீண்டும் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தால் பயன்படுமென்று 1957இல் அரசே ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கியது.

ஊர்தி ஓடுகிறதா என்பது முதற்கேள்வி மட்டுமே. எரிபொருள் எங்கிருந்து வருகிறது? அதை நிரப்ப எவ்வளவு நேரமாகும்? அதன் தீங்கை யார் சுமக்கிறார்கள்? பெட்ரோலானாலும் மின்கலமானாலும் இம்மூன்றையும் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். வரலாற்றுப் பாடத்தின் பயன் அதுவே.