விளக்கெரியாத ஊர்கள்

வருவாய்த்துறைக் கணக்கில் 'பேச்சிராக் கிராமம்' என்று ஒரு வகை உண்டு. பெயர் இருக்கும், எல்லை இருக்கும், புல எண்கள் இருக்கும். குடி மட்டும் இருக்காது. 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு: பாரசீகச் சொல். ஆள் இல்லாத ஊருக்கு எதுக்கு எல்லை? அரசுக்கு ஊர் என்பது மனிதர் கூட்டம் அல்ல, வரி வாங்கும் துண்டு, அதனால்தான்.

இது நமக்கு மட்டுமே உரிய விசித்திரம் அல்ல. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரைச் சுமார் 1500இல் ஆட்டு மேய்ச்சலுக்காகக் காலிசெய்தார்கள். குடி போன பின்னும் அதன் மாதாகோயில் பங்குக்கோயிலாகவே நீடித்தது.

செங்கல்பட்டுக்கு வருவோம். 1763இல் நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை இது. 1767-74இல் தாமஸ் பர்னார்டு கணக்கெடுத்தபோது 2,000க்கு மேற்பட்ட ஊர்கள் பதிவாயின. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு, பின்னாலேயே பஞ்சம். பல ஊர்கள் காலியாயின. இதுவரை எல்லா வரலாற்று நூல்களும் சொல்வதுதான்.

அவை அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: ஆள் போனாலும் மிராசு போகவில்லை. 1818இல் அச்சான எல்லிஸின் அறிக்கை மிராசைப் பரம்பரைச் சொத்துரிமையாக வாதிட்டது. அந்த உரிமை உழுத வயலோடு நிற்காமல் தரிசின்மீதும் நீண்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்த பறையர் தரிசுக்குத் தர்க்காஸ்து எழுதிப்போட்டால் மிராசுதாரர் குறுக்கே நின்றார்கள். இதை 1891இல் எழுதிவைத்தவர் மாவட்ட கலெக்டர் டிரமென்ஹீர். அதைத் தொடர்ந்தே 1892 அரசாணையின்படி பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன.

ஆக, 'யாரும் இல்ல' என்பது வெறும் தகவல் அல்ல, அதிகாரத்தின் சொல். குடியிருப்பவனுக்கு நிலம் இல்லை, நிலம் உடையவன் குடியிருக்கவில்லை. கணக்கு இரண்டாமவனைத்தான் ஊர் என்று எழுதியது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். நூறு வருஷம் முன்பு காகிதத்தில் கொடுத்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் குண்டு.

இன்று மாமல்லபுரம் கடற்கரைச் சாலையோரம் 'காலி மனை' பலகைகள் வரிசையாக நிற்கின்றன. யார் இல்லாததால் அது காலி என்று கேட்பதே வரலாறு எழுதுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை.