அடர்நிறத் தோலுக்கான ஃபவுண்டேஷன்

முகத்தின் நிறத்தைச் சீராகக் காட்டுவதற்காகப் பூசும் அடிப்பூச்சை ஒப்பனைத் தொழிலில் ஃபவுண்டேஷன் என்பார்கள். கண் மையும் உதட்டுச் சாயமும் தோலிலிருந்து தனித்துத் தெரிய வேண்டியவை. ஃபவுண்டேஷன் தோலோடு தோலாகக் கலந்து, பூசியதே தெரியாமல் இருக்க வேண்டியது. ஆகவே பூசிக்கொள்பவரின் நிறத்திலேயே கிடைத்தால்தான் அதனால் பயன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் அதை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தே தயாரித்தன. ஆப்பிரிக்க வம்சாவளியினர், தெற்காசியர், லத்தீன் அமெரிக்கர் ஆகியோருக்கு ஏற்ற நிறங்கள் கடைத்தட்டுக்கு வந்து சேர்ந்த வரலாறு பெரிதும் அமெரிக்காவில் நடந்தது. அதைத் தொடங்கியவர்கள் கறுப்பினத் தொழில்முனைவோர். பெரிய நிறுவனங்கள் லாபம் தெரிந்த பிறகு வந்தன.

நிறமிகள்

ஃபவுண்டேஷனின் நிறத்துக்கு அடிப்படை நான்கு நிறமிகள். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றுக்கும் இரும்பு ஆக்சைடுகள். இவற்றின் விகிதத்தை மாற்றி மாற்றித்தான் எல்லா நிறச் சாயல்களும், அதாவது ஷேடுகளும் கிடைக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இதில் இரட்டை வேலை. நிறத்தை வெளுப்பாக்குவது ஒன்று, தோலில் உள்ள தழும்பையும் திட்டையும் மூடி மறைப்பது இன்னொன்று. வெளிர்நிற ஷேடில் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. அடர்நிறத்துக்கு வரும்போது மோதிக்கொள்கின்றன: மறைக்கும் திறனுக்காக வெள்ளை நிறமியைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்தது போலாகிறது, குறைத்தால் மறைக்கும் வேலையை இரும்பு ஆக்சைடுகள் செய்ய வேண்டும், பூச்சு கனத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். கறுப்பு ஆக்சைடை மட்டும் சேர்த்து ஆழம் தேடினால் நிறம் உயிரற்றுப் போகிறது. லோரியால் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஹெய்ட்டி வம்சாவளிப் பெண் பலாண்டா ஆட்டிஸ், அமெரிக்காவின் பல பகுதிகளில் பெண்களின் தோல் நிறத்தை அளந்து இந்தச் சிக்கலில் இறங்கினார். அல்ட்ராமரின் நீலம் என்ற நிறமியைச் சேர்த்தால் பூச்சு கனக்காமலே அடர்த்தி கிடைக்கும் என்று அவர் குழு கண்டது.

ஆக, வேலை கடினமானதுதான், முடியாதது அல்ல. அந்த நீல நிறமி புதிய கண்டுபிடிப்பும் அல்ல. யாரும் தேடாததால் கிடைக்காமல் இருந்தது.

தோல் பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றே. மெலனினைச் சுமக்கும் துகள்களின் அளவும் அவை பரவியிருக்கும் விதமும்தான் வேறுபடுகின்றன. மாநிற, கருநிற முகங்களில் நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பது மிகச் சாதாரணம். ஒரே ஷேடை முகம் முழுக்கப் பூசினால் எங்காவது ஓரிடத்தில் அது பொருந்தாமல் போகும். தேர்ந்த ஒப்பனைக் கலைஞர்கள் இரண்டு ஷேடு எடுப்பது இதனால்தான். இதற்குமேல் அண்டர்டோன் என்கிற உள்நிறம் இருக்கிறது. ஒரே அளவு கறுப்பான இருவரில் ஒருவருக்கு உள்ளே செம்மையும் மற்றவருக்கு மஞ்சளும் ஓடலாம். ஒருவருக்குப் பொருந்தும் புட்டி இன்னொருவரை நோயாளி போலக் காட்டும்.

தோலை வகைப்படுத்தப் பயன்பட்ட அளவுகோல்களிலும் வெள்ளைத் தோலே முதலில் வந்தது. தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தந்த அட்டவணை, வெயிலில் தோல் எப்படிக் கன்றுகிறது என்பதை வைத்து வெள்ளைத் தோலை நான்கு வகையாகப் பிரித்தது. பழுப்புக்கும் கறுப்புக்குமான இரண்டு வகைகள் பின்னால் ஒட்டப்பட்டவை. இந்தக் குறைக்கு மாற்றாகச் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை 2022இல் கூகுள் வெளியிட்டது.

வரலாறு

கறுப்பினத் தொழில்முனைவோரான ஆன்டனி ஓவர்டன் 1898இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய நிறுவனம் முதலில் பேக்கிங் பவுடர் விற்றது. பிறகு ஹை-பிரவுன் என்ற முகப்பவுடரைக் கறுப்பினப் பெண்களுக்கென்றே கொண்டுவந்தது. 1911இல் சிகாகோவுக்கு இடம் மாறியது. அதே காலத்தில் கறுப்பினத் தொழில்முனைவோரான ஆனி மலோனும் மேடம் சி. ஜே. வாக்கரும் கூந்தல் பொருள்களை வீடு வீடாக விற்று, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை விற்பனை முகவர்களாக்கினர். வெள்ளையரின் பெரிய கடைகளில் இவர்களின் சரக்குக்கு இடமில்லை என்பதால் வாசற்படி விற்பனையே வழியாயிற்று.

சினிமா இன்னொரு தனி வட்டம். மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனத்தின் பான்-கேக் பூச்சு, 1930களின் இறுதியில் டெக்னிகலர் வண்ணப் படச்சுருளுக்காக உருவாகி, பிறகு கடைக்கு வந்தது. பாடகியும் நடிகையுமான லீனா ஹார்ன் 1940களில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் சேர்ந்தபோது, அவருக்காக லைட் ஈஜிப்ஷியன் என்றொரு ஷேடு தயாரானது. அவர் பிற்காலத்தில் சொன்னபடி, அதே ஷேடைப் பூசிய வெள்ளை நடிகைகளுக்குக் கலப்பினப் பெண் வேடங்கள் போயின. அவருக்கென்று செய்த நிறமே அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேடத்தைப் பறித்தது!

பெரிய கடைகளின் கதவைத் திறந்தவர்களில் ஃப்ளோரி ராபர்ட்ஸ் ஒருவர். ஃபேஷன் விளம்பரத் தொழிலில் இருந்த இந்த வெள்ளைப் பெண்மணி, கறுப்பின மாடல்கள் பூசிக்கொள்ள ஏதுமில்லாமல் தவிப்பதைப் பார்த்து 1965இல் தம் பெயரில் ஒப்பனைப் பொருள்களைக் கொண்டுவந்தார்.

ஆனால் இந்த வரலாற்றில் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் சிகாகோவின் ஜான்சன் பதிப்பகம். ஜான் எச். ஜான்சன் 1945இல் தொடங்கிய எபனி, கறுப்பின வாசகர்களின் முதன்மை மாத இதழாக வளர்ந்தது. அவர் மனைவி யூனிஸ் ஜான்சன், 1958 முதல் எபனி ஃபேஷன் ஃபேர் என்ற பெயரில் ஊர் ஊராகச் செல்லும் ஆடை அணிவகுப்பை நடத்தினார். பாரிஸ், மிலான் வடிவமைப்பாளர்களின் விலையுயர்ந்த ஆடைகளை அவரே நேரில் போய் வாங்குவார். அவற்றைக் கறுப்பின மாடல்கள் அணிந்து, பேருந்தில் பயணம் செய்து, சிறு நகரங்களின் அரங்குகளில் நடந்து காட்டுவார்கள். 2009 வரை நடந்த அந்த நிகழ்ச்சிகள் அறக்காரியங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தன. மேடைக்குப் பின்னால் அந்த மாடல்கள் இரண்டு மூன்று புட்டிகளைக் கலந்து தங்கள் நிறத்தை வரவழைத்துக்கொண்டிருந்ததை யூனிஸ் பார்த்தார். ஜான்சன் தம்பதியர் பெரிய ஒப்பனை நிறுவனங்களை அணுகி, கறுப்பினப் பெண்களுக்கு ஒரு வரிசை தயாரியுங்கள் என்று கேட்டனர், எவரும் முன்வரவில்லை. விற்காது என்று நினைத்தவர்கள் விற்றுப் பார்த்தவர்கள் அல்லர். 1973இல் தம்பதியரே ஃபேஷன் ஃபேர் காஸ்மெடிக்ஸைத் தொடங்கினர். 1975இல் ரெவ்லான் நிறுவனம் போலிஷ்டு ஆம்பர்ஸ் என்ற போட்டி வரிசையைக் கொண்டுவந்தது. சந்தை இருப்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. பதிப்பகம் 2019இல் திவாலானபோது ஃபேஷன் ஃபேரை முன்னாள் நிர்வாகிகளான டெசிரே ராஜர்ஸும் ஷெரில் மேபெரி மெக்கிஸாக்கும் 18.5 லட்சம் டாலருக்கு வாங்கி, 2021இல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தனர்.

1970களில் நியூயார்க் வந்த சோமாலிய மாடல் இமான், தம் முதல் படப்பிடிப்பிலேயே ஒப்பனைக் கலைஞர் “உங்கள் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தீர்களா?” என்று கேட்டதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பக்கத்திலிருந்த வெள்ளை மாடலிடம் அந்தக் கேள்வி எழவில்லை. 1994இல் அவர் தொடங்கிய நிறுவனம், கறுப்பினப் பெண்களோடு ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பெண்களையும் ஒரே வரிசைக்குள் சேர்த்துப் பார்த்தது. டொரான்டோவில் 1984இல் பிறந்த மேக் என்ற ஒப்பனை நிறுவனம், எல்லா இனத்தவருக்கும் என்பதையே தன் முழக்கமாக வைத்திருந்தது. 2014இல் நடிகை லுபிட்டா நியோங்கோ லங்கோம் ஒப்பனை நிறுவனத்தின் விளம்பர முகமானார்.

2017ம் அதன் பிறகும்

பார்படாஸ் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி, 2017 செப்டம்பர் 8 அன்று 40 ஷேடுகளோடு 17 நாடுகளில் ஒரே நாளில் வெளியானது. எல்.வி.எம்.எச். குழுமம் பின்னணியில் இருந்தது. பல கடைகளில் கறுத்த ஷேடுகள் முதலில் தீர்ந்துபோயின. 2018இல் விற்பனை 50 கோடி யூரோவை நெருங்கியது. 40 என்ற எண்ணை ஏதோ அதிசயம் போல எழுதுவது வழக்கமாகிவிட்டது. மேக் அப் ஃபார் எவர் நிறுவனம் 2015இலேயே 40 ஷேடு விற்றது. ஃபென்டி செய்த புதுமை வேறு. வெளிர்நிறங்களை முதலில் இறக்கி, “அடர்நிறங்கள் விரைவில்” என்று காத்திருக்க வைக்கும் தொழில் வழக்கத்தை அது பின்பற்றவில்லை. கடைசி ஷேடும் முதல் நாளே தட்டில் இருந்தது. விளம்பரத்தின் நடுவிலும் கருநிறப் பெண்கள் இருந்தார்கள்.

இதன்பின் 40 என்பது ஒரு சடங்கு எண்ணாகிவிட்டது. எண்ணிக்கையைக் காட்டிவிட்டு, அதில் பெரும்பகுதியை வெளிர்நிறங்களுக்கே ஒதுக்கி, நாலைந்து கறுப்புகளைக் கடைசியில் தொங்கவிடும் வரிசைகள் வந்தன. 2018 ஜனவரியில் டார்ட் நிறுவனத்தின் ஷேப் டேப் ஃபவுண்டேஷன் இதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2024இல் யூத்ஃபோரியா நிறுவனம் வெளியிட்ட 600 என்ற ஷேடு வேறு மாதிரியான சறுக்கல். மற்ற ஷேடுகளில் பல நிறமிகள் கலந்திருக்க, இதன் பட்டியலில் நிறமி என்று இருந்தது கறுப்பு இரும்பு ஆக்சைடு ஒன்றுதான். கொலோரியா ஜார்ஜ் என்ற ஒப்பனை விமர்சகர் ஒரு கன்னத்தில் அதையும் மறு கன்னத்தில் கறுப்பு முகச்சாயத்தையும் பூசிக் காட்டினார், வேறுபாடு தெரியவில்லை. மனிதத் தோல் எதுவும் அந்தக் கறுப்பு அல்ல.

யாருக்கு எந்த ஷேடு கிடைக்கும் என்பதை விற்பனைத் தட்டும் தீர்மானிக்கிறது. அடர்நிறங்களை இணையத்தில் மட்டும் விற்பது இன்னும் நடக்கிறது. முகத்தில் தொட்டுப் பார்க்காமல் ஷேடு வாங்குவது ஏறக்குறைய சூதாட்டம். தவறாக வாங்கும் செலவு கருநிறத்தவர் தலையில் விழுகிறது.

ஆடையும் காலணியும்

ஃபவுண்டேஷனின் கதையே ஆடையிலும் நடந்தது. ‘ஸ்கின் கலர்’ என்று விற்ற உள்ளாடையும் காலுறையும் நெடுங்காலம் வெளிர்பழுப்பு மட்டுமே. லண்டனில் ஏட் ஹாசன் 2014இல் தொடங்கிய நூபியன் ஸ்கின், பழுப்பின் பல நிலைகளில் அவற்றைக் கொண்டுவந்தது. க்ரிஸ்டியன் லூபுட்டான் நிறுவனம் 2013இல் தோல்நிறக் காலணிகளை ஐந்து ஷேடில் வெளியிட்டது.

பாலே நடனத்தில் இது அழகு சார்ந்த விஷயமாக மட்டும் நிற்கவில்லை. காலின் கோடு இடுப்பிலிருந்து விரல்நுனி வரை முறியாமல் தெரிய வேண்டும் என்பது அந்தக் கலையின் இலக்கணம். கறுப்புக் காலில் இளஞ்சிவப்பு ஷூ அதைக் கணுக்காலிலேயே வெட்டிவிடும். 1969இல் உருவான டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் குழுவினர் 1970களிலேயே தங்கள் தோல் நிறத்துக்கு இணங்கக் காலுறையைச் சாயமேற்றிக்கொண்டனர். ஷூவுக்கு ஃபவுண்டேஷன்தான் துணை: கடற்பஞ்சில் தொட்டு, முகத்துக்குப் பூசுவதை ஷூவின் சாட்டின் துணியில் பூசுவார்கள். தொழில்முறைக் கலைஞரின் ஷூ ஓர் இரவு ஆட்டத்திலேயே தேய்ந்துவிடக்கூடியது என்பதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை. பாலே ஷூ தயாரிக்கும் லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பாலே பிளாக் நடனக் குழுவுடன் சேர்ந்து 2018இல் பழுப்பு, வெண்கல நிற ஷூக்களைக் கொண்டுவந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் பெரும்பான்மையோர் மாநிறமும் கறுப்பும்தான். இங்கே சிக்கல் சிறுபான்மையாக இருப்பதால் வந்தது அல்ல. இந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகுக் கிரீம் 1975இல் வந்தது முதல், தோலுக்கு ஏற்ற நிறத்தைத் தேடுவதைவிடத் தோலின் நிறத்தை மாற்றும் ஆசைதான் பெரிய சந்தையாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு, கவிதா இம்மானுவேல் தலைமையில் 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013இல் அதன் முகமானார். கருநிறத்தவரைத் தோல்வியடைந்தவராகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2014இல் விதி வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறியது, குழாய் அதே அலமாரியில் இருக்கிறது.

நம் கல்யாண மேக்கப்பில் மணப்பெண்ணின் நிறத்தைவிட ஒன்றிரண்டு ஷேடு வெளுப்பாக எடுப்பது இன்றும் சாதாரணம். முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று ஆல்பத்தில் தெரிவது அதனால்தான். பூச்சில் டைட்டானியம் டை ஆக்சைடு மிகுந்திருந்தால் ஃபிளாஷ் வெளிச்சம் அதை இன்னும் வெளுப்பாக்கிக் காட்டும். கடைகளில் புறங்கையில் தேய்த்து ஷேடு பார்ப்பதும் பிழையான பழக்கம். கை பெரும்பாலும் முகத்தின் நிறத்தில் இருப்பதில்லை. தாடையோரத்திலிருந்து கழுத்துக்கு இழுத்து, சில நிமிடங்கள் காயவிட்டு, கடையின் மஞ்சள் விளக்கை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காய்ந்தபின் பல பூச்சுகள் சற்றுக் கறுத்து ஆரஞ்சுச் சாயல் ஏறும். புட்டியில் தெரிந்த நிறம் அப்போது இருக்காது.