நள்ளிரவில் ஒலித்த சத்திரத்து மணி

காவிரிப் படுகையை நெற்களஞ்சியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். களஞ்சியத்தின் வாசலிலும் பசி கிடந்ததுண்டு. 1781-இல் ஹைதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமைக்குள் புகுந்தபோது வயல்கள் பாழாயின. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மக்கள் ஊர்விட்டு ஓடினர். ‘ஹைதர் கலாபம்’ என்று அதற்குப் பெயர். ஹைதரையும் திப்புவையும் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரர்களாகவே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது உண்மை, தஞ்சை பட்டினி கிடந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நீதி.

அப்போது சிறு குழந்தையாக இருந்த இரண்டாம் சரபோஜி 1798-இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போயிற்று. சத்திரங்களின் மானியமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில், 1801-இல் ரெசிடெண்ட் டோரினுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்.

இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் யார் யார் உண்கிறார்கள் என்று அதில் விவரிக்கிறார். பிராமணர் முதல் சமூகம் ஒதுக்கி வைத்திருந்தோர் வரை எல்லா வழிப்போக்கரும் உண்டு. யோகிகள், ஜங்கமர், பைராகிகள் ஆகியோருடன் ஃபக்கீர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். ஹைதர் கலாபம் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது! சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசியும் மளிகையும் தனியே அளக்கப்பட்டன. சாதி ஆசாரம் அங்கும் இருந்தது, சமபந்தி என்று நாம் எண்ணிவிடலாகாது. எனினும் நோயாளிக்கு மருந்தும், கைக்குழந்தைக்குப் பாலும், அநாதைப் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று கூவி அழைத்த பிறகே அன்றைய அன்னதானம் முடிந்தது.

மறு ஆண்டு, 1802-இல், தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய சத்திரம் இன்றும் நிற்கிறது. அவருக்கு முன் ஆண்ட பிரதாப சிங் நாகூர் தர்காவுக்குப் பெரிய மினாரா கட்டிக் கொடுத்தவர். ஆகவே ஃபக்கீருக்குச் சோறிட்டது அவ்வரண்மனைக்குப் புதுமையன்று.

இன்று நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு 2001 முதல் தமிழக அரசு அரிசி வழங்கி வருகிறது. அஸ்ர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் பிற சமயத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பது டெல்டாவில் யாருக்கும் வியப்பில்லை. மஃரிபுக்குள் அண்டா கழுவப்பட்டுவிடும். வயல்வேலையும் சுமைவேலையும் முடித்து இருட்டிய பின் வருபவருக்கு ஒரு வாளி எடுத்து வைக்கும் வழக்கம் எல்லா ஊர்களிலும் இல்லை. ஷஅபான் மாத ஜமாஅத் கூட்டத்தில் கஞ்சிக் கணக்கைப் பேசும்போது அந்த வாளியையும் கணக்கில் சேர்க்கும்படி கேட்க இருக்கிறோம்.