காயாத வெந்நீர்: செம்பு பாய்லரிலிருந்து கீசர் வரை

ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் வீட்டுச் சுவரில் ரேடியேட்டர் பொருத்தும் தேவை எழுந்ததில்லை. இங்கே வீடுகள் காய்ச்சியது குளியல் தண்ணீரைத்தான். ஆண்களுக்குச் சனிக்கிழமையும் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளியும் எண்ணெய்க் குளியல். தீபாவளி விடியலில் வீட்டார் அனைவருக்கும் குளியல். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நாள் குறித்து வந்த இந்தத் தேவைகளால் வெந்நீர் காயாவிட்டால் வீடே நின்றுபோகும். கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் அரை நூற்றாண்டில் தலைகீழாக மாறிவிட்டது. முன்பு குறை நெருப்பின் பக்கம் இருந்தது. இப்போது தண்ணீரின் பக்கம் இருக்கிறது.

கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் தவலையோ அண்டாவோ ஏற்றுவதே பழைய வழக்கம். அடிப்பாகம் மட்டும் தீயில் படும். வெப்பத்தில் பெரும்பங்கு பக்கவாட்டில் வீணாகும். வசதியுள்ள வீடுகளுக்கு வந்து சேர்ந்த செம்பு பாய்லர் இந்தக் குறையைத் தீர்த்தது. உருளை வடிவப் பாத்திரத்தின் நடுவே ஒரு குழல் மேலிருந்து கீழ்வரை ஓடும். அதற்குள் கரியோ சிராய்த்துண்டோ எரியும்; சுற்றிலும் தண்ணீர் நிற்கும். தேநீர்க் கடை பாய்லரும் ரஷ்யச் சமோவாரும் இதே அமைப்புதான். சில பாய்லர்களில் குழாயே இருக்காது. புனலில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும்; மேலே நிற்கும் வெந்நீர் மூக்கு வழியாகத் தானே வழிந்து வாளியில் விழும். சூடான நீர் இலேசானது, மேலேயே நிற்கும் என்ற ஒரு விதியை வைத்துச் செய்த அருமையான ஏற்பாடு அது. ஒரு வாளி ஊற்றினால் ஒரு வாளி கிடைக்கும் என்பதால் பாத்திரம் ஒருபோதும் வறண்டு போகாது.

அந்தப் பாய்லர் மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியது சாம்பல் தட்டு. தட்டின் ஓட்டைகள் அடைத்தால் காற்று ஏறாது. காற்று ஏறாவிட்டால் கரி கனலாது. அடுத்தது குழலின் உட்சுவரில் படியும் புகைக்கரி. அது வெப்பத்தைச் செம்புக்குப் போகவிடாது. நீண்ட குச்சியில் தேங்காய் நாரைச் சுற்றிக் குழலைத் துடைப்பது வீட்டு வேலை. மூட்டு கசிந்தால்தான் பாத்திரக்காரரிடம் போகும்; அவர் ஈயப் பற்று வைத்துத் தருவார். தண்ணீர் இல்லாமல் நெருப்பிட்டால் அந்தப் பற்று உருகி மூட்டு விட்டுவிடும். பாய்லரைக் கெடுக்க அதைவிட விரைவான வழி கிடையாது.

எரிபொருள் அக்கம்பக்கத்தில் கிடைத்ததுதான்: விறகுத் தொட்டியின் சவுக்குக் கட்டை, கொட்டாங்கச்சி, தென்னை மட்டை, மரம் அறுக்கும் கடையின் தூளைத் தகர அடுப்பில் இறுக்கி எரிக்கும் மரத்தூள் அடுப்பு. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில் அம்பத்தூர், ஆவடி வழியேதான் சென்றது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணக் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதில் ரயில் எஞ்சின்களின் விறகுத் தேவைக்கும் பங்கு உண்டு.

விறகை வெளியேற்றியது தொழிற்சாலைதான் என்று சொன்னால் மிகையாகாது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. வேலை தேடி வந்தவர்களுக்குக் கொல்லை வைத்த வீடு கிடைக்கவில்லை; ஒரே வளாகத்தில் நாலைந்து போர்ஷன் கிடைத்தது. புகை போக இடமில்லாத இடத்தில் பாய்லர் நிற்க முடியாது. முதலில் வாளியில் போடும் ஹீட்டர் ராடும், பிறகு சுவரில் தொங்கும் கீசரும் அந்த இடத்தைப் பிடித்தன. செம்பு பாய்லர்கள் எடைக்குப் போயின.

நெருப்பு போனதும் உப்பு வந்தது. 1872இல் நிறைவேறிய திட்டத்தின்படி செங்குன்றம் ஏரி நீர் கீழ்ப்பாக்கம் வழியாகச் சென்னைக்குப் போனது. ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்பத்தூரோ நெடுங்காலம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே இருந்தது. இது நியாயமான பங்கீடாகத் தோன்றவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து வெள்ளைப் படலமாக ஒட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் விரும்புகிறது. வேறு வழியில்லாதபோது 600 வரை ஏற்கிறது.

2 கிலோவாட் கீசர் 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்றப் பன்னிரண்டு நிமிடமே போதும். நேரம் நீண்டால் காயில் போய்விட்டது என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், உப்பு மூடினாலும் அதன் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். கெடுதல் வேறு வகையில் வருகிறது. மூடிய காயில் அளவுக்கு மீறிச் சூடேறும். பக்கத்துத் தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டைத் தண்ணீரின் சூடாக எடுத்துக்கொண்டு முன்னதாகவே நிறுத்திவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். நாளடைவில் காயிலின் உறை வெடித்து உள்ளே ஈரம் புகும். இன்னொரு காரணம் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும் குழாய். அது உடைந்தால் குளிர்ந்த நீர் வெந்நீரோடு கலந்துவிடும். புனல் வைத்த பழைய பாய்லரின் விதி அங்கே முறிகிறது.

இதைச் சரிசெய்பவர் எலக்ட்ரீஷியன். மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, தொட்டியை வடித்து, அடிமூடியைக் கழற்றுவார். முருங்கைக்காய் பருமனுக்குப் பூத்திருக்கும் காயிலைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் படலம் நுரைத்துக் கழன்றுவிடும். அவசரத்துக்குக் கழிப்பறை ஆசிட் ஊற்றுவது காயிலின் உறையை அரிக்கும், கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. மெக்னீசியம் தண்டு கரைந்திருந்தால் புதிது போட வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காப்பதே அதன் வேலை. ரப்பர் வாஷரையும் மாற்றி, தொட்டி நிறைந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் செம்பரம்பாக்கம் நிலையம் 2007இல் வந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஏரித் தண்ணீர் எட்டும் தெருக்களில் கீசர் நீண்டநாள் உழைக்கிறது. போர்வெல்லை நம்பும் அடுக்குமாடிகளில் ஆண்டுக்கொரு முறை அடிமூடி திறக்கப்படுகிறது.