திரைக்கு வெளியே சீத்தா கேம்ப்

மும்பைத் தமிழர் குறித்த திரைப்பேச்சு பெரும்பாலும் ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய இரண்டு படங்களையே சுற்றி வருகிறது. இரண்டுக்கும் களம் தாராவி. ‘காலா’வில் நிலத்தைக் காக்கத் திரளும் மக்களைப் பார்வையாளர் கற்பனையாகவே ரசிக்கின்றனர். அத்தகைய போராட்டம் அதே நகரத்தின் கிழக்கே, டிராம்பேயில், வரலாறாக நிகழ்ந்தது.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் தமிழர் பலர் வாழ்ந்தனர். கோலார் தங்கவயலில் பிறந்து அங்கு வந்துசேர்ந்த ஜோக்கின் அற்புதம், அள்ளப்படாத குப்பையைச் சிறுவர்களைக் கொண்டு திரட்டி, மாநகராட்சி அலுவலகத்தின்முன் கொட்டச் செய்தார். அந்தச் சிறு தொடக்கம் பின்னர் வெளியேற்றத்துக்கு எதிரான இயக்கமாக வளர்ந்தது. மக்கள் நீதிமன்றத்தையும் தில்லியையும் நாடினர். 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 மே மாதத்தில் ஏறத்தாழ 70,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டுச் சதுப்பு நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். அதுவே சீத்தா கேம்ப்.

இன்று ஒரு படம் இணையத்தில் வெளியான இரவிலேயே அதைப் பற்றிய கருத்துகள் கைப்பேசிகளில் குவிகின்றன. 1976இல் கருத்துக்குப் பஞ்சமில்லை. அதை அச்சேற்றும் இடமே அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே அக்கால நாளிதழ்களின் மௌனத்தை மக்களின் மௌனமாக வாசித்தல் பிழையாகும். அன்று இருபது வயதினராக இருந்தோர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டனர். அவர்தம் வாய்மொழியும் ஓர் ஆவணம். அதைப் பதிவுசெய்யும் காலம் குறுகிவருகிறது.