பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பா?

சிக்னல் பக்கத்தில் "டமார்" என்று ஒரு சத்தம். முன்னால் நின்ற காரின் டிக்கி நசுங்கிக் கிடக்கிறது, பின்னால் வந்த பைக் கீழே கிடக்கிறது. கூட்டம் கூடிவிடும். நடந்ததை முழுசாகப் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் ஒரே நொடியில் வந்துவிடும்: "பின்னால வர்றவன்தானே பார்த்து வரணும்!"

"அவர் திடீர்னு பிரேக் போட்டாருங்க" என்று பின்னால் வந்தவர் சொல்வது யார் காதிலும் ஏறாது.

இந்தத் தெருத் தீர்ப்பு சரியா? சட்டமும் இப்படித்தான் சொல்கிறதா? பதிலைத் தேடினால் கார் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு, ஒரு குதிரைக்கும் ஒரு கழுதைக்கும் போக வேண்டியிருக்கிறது!

குதிரையும் கழுதையும்

இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊர். ஒருவர் தன் வீட்டைப் பழுது பார்ப்பதற்காகத் தெருவின் ஒரு பகுதியை மறித்து ஒரு கழியை வைத்திருந்தார். மாலை மங்கும் நேரம். மதுக்கடையிலிருந்து கிளம்பிய இன்னொருவர் குதிரையில் படுவேகமாக வந்து அந்தக் கழியில் மோதி விழுந்து அடிபட்டார். வழக்கு 1809-ல் தீர்ந்தது. தெருவை மறித்தது தவறுதான். ஆனால் நிதானமாக வந்திருந்தால் 100 கஜத்துக்கு முன்பே கழி கண்ணில் பட்டிருக்கும் என்று சாட்சி சொன்னது. எனவே குதிரைக்காரருக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. அடிபட்டவர் பக்கம் கொஞ்சம் தவறு இருந்தாலும் இழப்பீடு முழுவதும் போச்சு! "பட்டர்ஃபீல்ட் எதிர் ஃபாரஸ்டர்" என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

அடுத்து 1842. ஒருவர் தன் கழுதையின் முன்கால்களைக் கட்டி, பொதுச் சாலை ஓரத்தில் மேய விட்டிருந்தார். மூன்று குதிரை பூட்டிய வண்டி ஒன்று இறக்கத்தில் வேகமாக வந்து கழுதை மேல் ஏறியது. கழுதை செத்துப் போனது. 1809 தீர்ப்பின்படி பார்த்தால் கழுதைக்காரருக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது. சாலையில் கட்டிப் போட்டது அவர் தவறுதானே? ஆனால் நீதிபதிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். கழுதை நகர முடியாது. வண்டிக்காரரால் நிறுத்த முடியும். விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு யார் கையில் இருந்ததோ அவரே பொறுப்பு. "டேவிஸ் எதிர் மான்" என்ற இந்த வழக்கிலிருந்து "கடைசி வாய்ப்பு" என்ற கொள்கை வளர்ந்தது.

கூர்ந்து பார்த்தால், சிக்னல் பக்கத்தில் கூடும் கூட்டம் பேசுவதும் இதே கழுதை நியாயம்தான். முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருப்பது தெரியும். ஆகவே கடைசி வாய்ப்பு அவருடையது.

முழுசா, பங்கா?

குதிரை நியாயத்திலும் கழுதை நியாயத்திலும் ஒரே குறை உண்டு. இரண்டுமே ஒருவர் தலையில் முழுப் பழியையும் கட்டிவிடுகின்றன. நிஜமான விபத்துகள் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. 1945-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அடிபட்டவர் மேல் தவறு இருந்தால் இழப்பீடு மொத்தமாகப் போகாது. அவருடைய தவறின் பங்குக்கு ஏற்பக் குறையும். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நீதிமன்றங்கள் இப்படிப் பங்கு போடும் முறையைத்தான் பின்பற்றி வருகின்றன.

இந்தியாவின் 1989-ம் வருடச் சாலை விதிகளில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து இருந்தன. 23-வது விதி பின்னால் வருபவருக்கு: முன்வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கப் போதுமான இடைவெளி விட வேண்டும். 24-வது விதி முன்னால் போகிறவருக்கு: பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சட்டென்று பிரேக் போடக் கூடாது. தெருக் கூட்டத்துக்கு 23 நன்றாகத் தெரியும். 24 பற்றி யாரும் பேசுவதில்லை!

இடைவெளி என்றால் எவ்வளவு? 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. லாரிக்குப் பின்னால் போன கார், லாரி பிரேக் போட்டதும் மோதியது. இரண்டுக்கும் நடுவே இருந்தது 10 முதல் 15 அடிதான். அந்த இடைவெளி போதாது, தவறு கார் ஓட்டியவருடையது என்று தீர்ப்பு வந்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். சிவப்பு விளக்கைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கை மிதிக்கச் சுமார் ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். 15 அடி என்பது நாலரை மீட்டர்தான்.

அந்த ஒரு நொடியை எப்படிக் குறைப்பது என்றும் சிலர் ஆராய்ந்தார்கள். 1974-ல் ஜான் வோயவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்புறம் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடிப்பது மற்ற டாக்சிகளை விட 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா அந்த விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால் எல்லாக் கார்களிலும் வந்த பிறகு பலன் சுமார் 4 சதவீதத்தில் நின்றுவிட்டது. புதுசாக இருந்தவரை கண்ணில் பட்டது. பழகியதும் பத்தோடு பதினொன்று ஆகிவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு மாணவர்

2017 ஜனவரி. கோயம்புத்தூர் அருகே நெடுஞ்சாலையில் ஒரு பொறியியல் மாணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பைக் அதன் பின்பக்கம் மோதியது. மாணவர் சாலையில் விழ, பின்னால் வந்த பேருந்து அவர் மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

கார் ஓட்டியவர் சொன்ன காரணம்: கர்ப்பமாக இருந்த மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்ததாம்.

தீர்ப்பாயம் காரை விட்டுவிட்டது. பேருந்து 80, மாணவர் 20 என்று பங்கு போட்டது. உயர் நீதிமன்றம் கார் 40, பேருந்து 30, மாணவர் 30 என்று மாற்றியது. கடைசியில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கார் 50, பேருந்து 30, மாணவர் 20. மாணவர் போதிய இடைவெளி விடவில்லை, முறையான உரிமமும் இல்லை. எனவே அவர் பங்கு அப்படியே இருக்கிறது. ஆனால் வண்டிகள் வேகமாக வரும் நெடுஞ்சாலையில் எச்சரிக்கை காட்டாமல் திடீரென்று நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். சொந்த அவசரம் அதற்குச் சமாதானம் ஆகாது.

மொத்த இழப்பீடு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். மாணவர் பங்கு போக 91 லட்சத்துச் சொச்சம். 30 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே 11 லட்சத்துக்கு மேல்! 1809-ம் வருட நியாயம் இன்றும் இருந்திருந்தால்? காலும் போய், கையில் ஒரு ரூபாய் கூட இல்லாமல் அந்த மாணவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆக, பின்னால் இடித்தவர் மேல்தான் தப்பா? பெரும்பாலும் ஆமாம், ஆனால் எப்போதும் இல்லை. "பின்னால் வந்தவர் பொறுப்பு" என்பது விசாரணை தொடங்கும் இடம். அதுவே முடிவு ஆகிவிடாது. அதைப் புரிந்துகொள்ள நீதிமன்றங்களுக்கு இருநூறு வருடம் ஆனது. தெருக் கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகலாம்.

அதுவரை, பின்னால் போகிறவர் கொஞ்சம் தள்ளிப் போகட்டும். முன்னால் போகிறவர் நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை கண்ணாடியைப் பார்க்கட்டும்.