இரண்டு நிமிட விமானப் பயணம்!

விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டு, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் இது தினசரி நடக்கிற சமாச்சாரம்.

வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். (பாப்பா என்றதும் குழந்தை என்று நினைக்க வேண்டாம். பழைய நார்ஸ் மொழியில் அது பாதிரியார்களைக் குறிக்கும் சொல்!) இரண்டின் விமானத் தளங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர்தான். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையே இதைவிட நீளமாக இருப்பதுண்டு.

அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். வானில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடிகளில் முடித்திருக்கிறார். அவர் 2013-ல் ஓய்வு பெறும் முன் இதே வழியில் 12,000 முறைக்கு மேல் பறந்தவர்!

இங்கே பறக்கும் ஐலாண்டர் விமானம் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அந்தக் கணக்கில் 40 விநாடி போதும். ஆனால் முழு வேகம் எடுப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறதே!

இந்தக் கதை 1930களில் தொடங்குகிறது. கேப்டன் ஃப்ரெசன் என்பவர் 1933-ல் ஹைலேண்ட் ஏர்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கி, இன்வர்னஸுக்கும் ஓர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்கும் விமானம் விட்டார். 1934-ல் சின்னத் தீவுகளுக்கும் பறந்தார். விவசாயிகளின் வயல்வெளிகளே அவருக்கு ஓடுபாதை. பிறகு உலகப் போர் வந்தது, தீவுகளுக்கு இடையிலான சேவை நின்றது. 1967-ல் லோகன்ஏர் நிறுவனம் வரும் வரை மக்களுக்குப் படகுதான் கதி.

படகு இருக்கும்போது விமானம் எதற்கு என்ற கேள்வி எழலாம். படகில் இந்த இடைவெளியைக் கடக்க சுமார் 25 நிமிடம் ஆகும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் விமானம் இந்த இரண்டு தீவுகளுக்காக மட்டும் பறப்பதில்லை. கிர்க்வாலில் கிளம்பி இரண்டிலும் இறங்கி மீண்டும் கிர்க்வாலுக்கே போகிறது. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி! அந்தச் சுற்றில் ஒரு ஸ்டாப்பிங்குக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்தான் இந்த இரண்டு நிமிடம். மருத்துவரும் ஆசிரியரும் நோயாளிகளும் இதில்தான் வந்து போகிறார்கள். வடகடல் கொந்தளிக்கிற நாட்களில் இதன் அருமை புரியும்.

பாப்பா வெஸ்ட்ரேயின் மக்கள் தொகை 2001 கணக்கெடுப்பில் 65. 2011-ல் 90. இவ்வளவு சிறிய ஊரில் நாலு குடும்பம் கிளம்பிப் போனால் பள்ளிக்கூடத்தையே மூட வேண்டி வரலாம். லாபம் மட்டும் பார்த்தால் எட்டுப் பேர் உட்காரும் விமானத்தை இங்கே யாரும் ஓட்ட மாட்டார்கள். அதனால்தான் உள்ளூர் கவுன்சில் பணம் கொடுத்து இதைத் தாங்கிப் பிடிக்கிறது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது ஒரு கின்னஸ் சாதனை, கையில் ஒரு சான்றிதழ். தீவுக்காரர்களுக்கோ, ஊரை விட்டுப் போகாமல் வாழ்வதற்கு ஒரு வழி. தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது, இல்லையா?